சளிக்குப் பயந்து நிறுத்திய பழங்கள்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து மாதம் தவறாமல் சளி, காய்ச்சல். எடை 20 கிலோ, உயரம் 118 செ.மீ. மாமியார் சொன்னதால் தயிர், வாழைப்பழம், கொய்யா, ஆரஞ்சு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். காலையும் இரவும் பாலில் சத்து பவுடர் கலந்து கொடுக்கிறேன். வேன் 7.40க்கு வந்துவிடும், அதற்குள் அரை தோசைதான் இறங்குகிறது. நானும் கணவரும் வேலை முடிந்து வர இரவு எட்டாகிறது, அவன் தூங்கப் பதினொன்று. மருந்துக்கடையில் எதிர்ப்புச் சக்தி சிரப் ஒன்றைச் சொல்கிறார்கள். வாங்கலாமா? கொய்யாவை உப்பு, மிளகாய்த்தூள் போட்டாவது கொடுக்கலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: சிரப் வேண்டாம். அந்தக் காசுக்கு வாரம் ஒரு கிலோ கொய்யா வாங்குங்கள்.

முதலில் உங்கள் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன். சளியைக் கொண்டுவரும் வைரஸ்கள் 200க்கும் மேல். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடத்தில் ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம். ஒவ்வொரு முறையும் உடம்பு ஒரு புது எதிரியின் முகத்தைத் தெரிந்து வைத்துக்கொள்கிறது. இரண்டு சளிக்கு நடுவில் பையன் ஓடி ஆடி, பசித்துச் சாப்பிட்டு, எடையும் கூடிக்கொண்டிருந்தால் அவனுடைய எதிர்ப்புச் சக்தி தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. நீங்கள் எழுதிய எடையும் உயரமும் ஏழு வயதுக்குச் சரியாகவே இருக்கின்றன.

என்னை உறுத்துவது நீங்கள் நிறுத்தி வைத்திருக்கும் பட்டியல்தான். போன வாரம் என் கிளினிக்கில் ஒரு பாட்டி, "சளியோட இதையா திங்கறே?" என்று பேரன் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கிப் பைக்குள் போட்டார். அதே பையிலிருந்து ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். பாட்டியின் பாசத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனால் சளி வாழைப்பழத்திலிருந்து வருவதில்லை. பக்கத்து பெஞ்சுப் பையனின் தும்மலிலிருந்தும், மூக்கைத் துடைத்த கையிலிருந்தும் வருகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தயிரை அப்படியே கொடுத்தால் சில பிள்ளைகளுக்குத் தொண்டை கரகரக்கும், இருமல் கிளம்பும், அது உண்மை. அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் போதும். மாமியாரிடம் வாதாட வேண்டாம். லீவு நாளில் மதியச் சாப்பாட்டோடு அரைக் கிண்ணம் தயிரில் தொடங்குங்கள். ஒரு வாரம் ஒன்றும் ஆகவில்லை என்றால் அவரே அடுத்த கரண்டி போடுவார்.

கொய்யாவில் ஆரஞ்சைப் போல நான்கு மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. நெல்லிக்காயில் இன்னும் அதிகம். இதைத் தின்றால் சளியே வராது என்று சொல்ல மாட்டேன். கீரையிலும் பயறிலும் கம்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு இழுத்துக்கொள்ள இந்த வைட்டமின் கைகொடுக்கிறது. இரும்புச்சத்து குறைந்த பிள்ளைதான் சோர்ந்து போகும், நோய்க்கும் சீக்கிரம் இடம் கொடுக்கும். முருங்கைக்கீரைப் பொரியல் செய்கிற நாளில் கூடவே எலுமிச்சை ரசம் வையுங்கள். சாப்பிட்ட கையோடு டீ கொடுக்காதீர்கள். டீ அந்த இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஏழு வயதுக்கு டீயே வேண்டாம் என்பேன், ஆனால் நம் வீடுகளில் ஒரு வாய் கொடுக்காமல் யார் இருக்கிறார்கள்?

சத்து பவுடருக்கு வருவோம். டப்பாவைத் திருப்பி, 100 கிராமில் சர்க்கரை எத்தனை கிராம் என்று பாருங்கள். சிலவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரைதான். நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே கிடையாது. அதனால்தான் 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இந்தப் பானங்களை அந்தப் பெயரில் விற்க வேண்டாம் என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. அவனுடைய அரை தோசைக்கும் இதுதான் காரணமாக இருக்கும். எழுந்ததும் ஒரு டம்ளர் இனிப்புப் பால் உள்ளே போனால் வயிற்றில் இடம் ஏது? பாலைச் சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள், பவுடர் இல்லாமல். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் வேண்டாம்.

அரை தோசைதான் இறங்குமென்றால் அந்த அரை தோசையைக் கனமாக்குங்கள். மேலே ஒரு முட்டை உடைத்து ஊற்றலாம், அல்லது அடை வார்த்து வேர்க்கடலைச் சட்னி தொட்டுக் கொடுக்கலாம். மீதிப் பசிக்கு, வேனில் தின்ன ஒரு வாழைப்பழம். ஸ்நாக்ஸ் டப்பாவில் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டலோ வேர்க்கடலை உருண்டையோ போகட்டும். தினமும் புதிதாக ஏதாவது செய்ய வேண்டுமென்று உங்களை நீங்களே வருத்திக்கொள்ளாதீர்கள்.

உணவை விடவும் எனக்குக் கவலை அவனுடைய தூக்கம். இந்த வயதில் 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். பதினொன்றுக்குப் படுத்து ஆறரைக்கு எழுந்தால் ஏழரைதான் ஆகிறது. எட்டு மணிக்கு வரும் அம்மா அப்பாவிடம் பேசத்தான் அவன் விழித்திருக்கிறான், அது எனக்குப் புரிகிறது. அவனுடைய சாப்பாடு நீங்கள் வருவதற்கு முன்பே முடியட்டும். வந்ததும் செல்போனை எல்லோரும் தள்ளி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் அவனோடு இருங்கள். ஒன்பதரைக்கு விளக்கு அணையட்டும். ஒரே நாளில் நடக்காது. நாலு நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் இழுத்துக்கொண்டே வாருங்கள்.

அப்புறம், படுக்கிற அறையில் கொசுவத்திச் சுருள் கொளுத்துகிறீர்களா? அந்தப் புகையே பாதி இருமலுக்குக் காரணமாக இருக்கலாம். வலை கட்டுங்கள். சாப்பாட்டுப் பையில் ஒரு சின்ன சோப்பு போட்டு அனுப்பி, சாப்பிடும் முன் இருபது எண்ணும் வரை தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் குடற்புழு மாத்திரை கொடுப்பார்கள். மென்று தின்றானா, பாக்கெட்டில் போட்டு வந்துவிட்டானா என்று கேளுங்கள். ஐந்து வயதில் போட வேண்டிய பூஸ்டர் ஊசி விழுந்திருக்கிறதா என்று தடுப்பூசி அட்டையையும் ஒருமுறை பாருங்கள். போன முறை எழுதிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை நீங்களாக மறுபடி வாங்கிக் கொடுக்காதீர்கள். வைரஸ் சளிக்கு அது வேலை செய்யாது.

காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும், இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தாலும், ஓடி விளையாடினாலோ ராத்திரியிலோ மூச்சில் விசில் சத்தம் கேட்டாலும், வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கினாலும், எடை ஏறாமல் நின்றாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ, சாப்பிடாமல் துவண்டு படுத்துவிட்டாலோ அன்றைக்கே போங்கள்.

கொய்யாவுக்கு உப்பு, மிளகாய்த்தூள் தாராளமாகப் போடலாம் என்று சொல்ல ஆசைதான். ஒரு சிட்டிகை போதும், இருமல் இருக்கிற நாளில் மிளகாய்த்தூளை மட்டும் விட்டுவிடுங்கள்.