டேபிள்டாப் ஆர்பிஜியில் 'ரூல்ஸ் லாயர்', 'பவர் கேமர்' என்று ஆட்களுக்கு முத்திரை குத்துவது சரியா?

ஓரளவுக்குத்தான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் இது. இதில் விதியைப் பிடித்துக்கொண்டு வாதாடுபவர் 'ரூல்ஸ் லாயர்'; பாத்திரத்தின் பலத்தை ஏற்றுவதிலேயே குறியாக இருப்பவர் 'பவர் கேமர்'. ஒருவர் ஆட்டத்தில் எதை ரசிக்கிறார் என்பதை அந்தப் பெயர் காட்டும். அதற்கு மேல் நம்பாதீர்கள்.

இந்த வகை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வந்தது. 1980-லேயே கிளென் பிளாக்கோ என்ற ஆட்டக்காரர், ஆடும் விதங்களை நான்காகப் பிரித்து எழுதிவிட்டார்: பலம் சேர்ப்பது, பாத்திரமாகவே வாழ்வது, போர் உத்தி, கதை வளர்ப்பது. பெரும்பாலானவர்களிடம் நான்கும் கலந்தே இருக்கும் என்பது என் அனுபவம்.

மதுரை அண்ணா நகரில் ஒரு மொட்டை மாடியில் ஆடுகிறோம். எங்கள் குழுவில் ஒரு தம்பி விதிப்புத்தகத்தைக் கையை விட்டு இறக்க மாட்டான். 'ரூல்ஸ் லாயர்' என்று பேர் வாங்கிவிட்டான். ஆனால் புதிதாக வந்தவரின் மந்திரவாதிப் பாத்திரம் அடிபட்டு விழுந்து கிடந்தபோது, "அண்ணே, பகடையில மூணு தடவை தோத்தாத்தானே சாவு? இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, உருட்டச் சொல்லுங்க" என்று வாதாடியது அவன்தான். அதைச் சண்டைக்காரத்தனம் என்று எப்படிச் சொல்வது?

அப்புறம், பெண்கள் கதைக்காக மட்டும் வருவார்கள் என்பது சுத்த அபத்தம். எங்களில் எண்களைக் கூட்டிக் கழித்துப் பாத்திரத்தைச் செதுக்குபவர் ஓர் அக்கா.

புதுக் குழு தொடங்கினால் பகடையை எடுக்கும் முன், சண்டை வேண்டுமா, பேச்சு வேண்டுமா, புதிர் வேண்டுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுங்கள். சில வாரம் கழித்து மறுபடியும் கேளுங்கள், பதில் மாறியிருக்கலாம்.