பட்டாளத்துத் தாத்தாவும் ஆகஸ்ட் 15-உம்

அன்புள்ள ஐயா,

வேலூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. எங்கள் வீட்டுக்கே 'பட்டாளத்தார் வீடு' என்றுதான் பெயர். தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்து பர்மா போனவர், 1949-இல் ஊர் திரும்பினார். அப்பா மதராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தார், 1971 போரில் இருந்தவர். இரண்டு பேருமே இப்போது இல்லை. தம்பி ராஜஸ்தான் எல்லையில் இருக்கிறான். இந்தச் சுதந்திர தினத்தன்று ஊர்ப் பள்ளியில் எங்கள் குடும்பத்தைக் கௌரவிக்கப் போகிறார்கள். நான்தான் பேச வேண்டும். "வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவரை அன்றைக்கு எதற்கு இழுக்கிறாய், அப்பாவிலிருந்து ஆரம்பி" என்கிறார் பெரியப்பா. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பதக்கம் இருக்கிறது. நாடா காவி, வெள்ளை, பச்சை. ஒரு பக்கம் சக்கரம், அதன் மேலே கிரீடம். மறுபக்கம் சிங்கங்கள். என்ன பதக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் என்ன பேசட்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

தாத்தாவிலிருந்தே ஆரம்பியுங்கள். பெரியப்பாவுக்கான பதில் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது இந்திய சுதந்திரப் பதக்கம். 1947 ஆகஸ்ட் 15 அன்று நம் படைகளில் பணியில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. சிங்கங்களைச் சுற்றி அந்தத் தேதி ஆங்கிலத்தில் பொறித்திருக்கும், வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அசோகச் சக்கரமும் ஜார்ஜ் மன்னரின் கிரீடமும் ஒரே உலோகத் துண்டில் இருப்பது வேறு எந்தக் காலத்திலும் நடந்திருக்க முடியாது. உங்கள் தாத்தா வாழ்ந்த காலம் அது.

சுதந்திர இந்தியா புதிதாக ஒரு ராணுவத்தைத் திரட்டவில்லை. மன்னர் பெயரில் சத்தியம் செய்து சேர்ந்த அதே ஆட்கள்தான் மூவர்ணக் கொடிக்குக் கீழே வந்து நின்றார்கள். அதே வருஷம் அக்டோபர் 27-ஆம் தேதி காஷ்மீரைக் காக்க ஸ்ரீநகரில் போய் இறங்கியதும் அந்த ராணுவம்தான். அவர்களை விட்டுவிட்டு நம் ராணுவத்தின் கதையை எங்கிருந்து தொடங்குவது?

இரண்டாம் உலகப் போரில் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. பலரும் சம்பளத்துக்காகத்தான் போனார்கள். வீட்டுக்கு மாதாமாதம் மணியார்டர் வரும், அடுப்பு எரியும். இதைச் சொல்ல நீங்கள் கூச்சப்படவே வேண்டாம். அதே பர்மாவில் எதிர்ப்பக்கம் நேதாஜியின் படையில், மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் இருந்தார்கள். அவர்களையும் ஒரு வரி சொல்லுங்கள். ஒருவரை உயர்த்த இன்னொருவரைத் தாழ்த்த வேண்டியதில்லை.

சாப்பர் என்றால் என்ன வேலை என்று பிள்ளைகளுக்கு விளக்கமாகச் சொல்லுங்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்காது. காலாட்படை போவதற்கு முன்னால் போய் பாலம் போட வேண்டும், பாதை வெட்ட வேண்டும், கண்ணிவெடியைத் தேடி எடுக்க வேண்டும். ராணுவத்தில் மதராஸ் சாப்பருக்குச் செல்லப் பெயரே 'தம்பி'தான். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் சுபேதார் சுப்பிரமணியன் என்ற மதராஸ் சாப்பர், கூட இருந்தவர்களைக் காப்பாற்ற, வெடிக்கப்போன கண்ணிவெடி மேல் பாய்ந்து உயிரை விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீர விருதைக் கொடுத்தார்கள். உங்கள் தாத்தா அந்தப் படைக்காரர்.

அப்புறம், தெரியாததைச் சேர்த்துச் சொல்லிவிடாதீர்கள். சினிமாச் சண்டை வேண்டாம். தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகம் கிடைத்தால் எந்தக் கம்பெனி, எத்தனை வருஷம் என்பதெல்லாம் தெரிந்துவிடும். கிடைக்காவிட்டால் படை எண்ணை எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். எண்ணுக்குப் பெட்டி மூடியைப் பாருங்கள், பெரும்பாலும் வெள்ளை பெயிண்டில் எழுதியிருப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1971 டிசம்பரில் போர் நடந்தது 13 நாள். அந்த நாட்களில் தெருவில் தந்திக்காரர் சைக்கிள் வந்தால் பட்டாளத்தார் வீடுகளில் எப்படி இருந்திருக்கும்! அதைச் சொல்லக்கூடியவர் அம்மா இருந்தால் அவர்தான். பேச்சை எழுத உட்காரும் முன் அவரிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால் உங்களுக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் பாதியை அவருக்கே விட்டுக்கொடுங்கள்.