வியன்னாவில் கார் வேண்டாம், டிராம் ஓடும் தெருவில் வீடு பாருங்கள்

மனைவி, இரண்டு வயதுக் குழந்தையோடு வியன்னாவுக்கு வேலைக்கு வருகிறேன், வந்ததும் கார் வாங்க வேண்டுமா, ரயில், டிராம் வழித்தட வரைபடத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறதே என்று கேட்டிருந்தீர்கள். தம்பி, நான் இங்கே வந்து பதினெட்டு வருடம் ஆகிறது, லைசென்ஸ் இருக்கிறது, கார் இன்னும் வாங்கவில்லை. 2022 மார்ச்சிலிருந்து ஏறக்குறைய ஊர் முழுக்கத் தெருவோரம் நிறுத்தக் காசு, இல்லையென்றால் உங்கள் வட்டாரத்துக்கான அனுமதி வாங்க வேண்டும். அந்தத் தலைவலி முதல் வருடமே எதற்கு?

படத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஊ-பான் என்கிற மெட்ரோ நெடுந்தூரத்துக்கு, டிராம் வீட்டு வாசலுக்கு, அவ்வளவுதான். டிராமை இங்கே யாரும் டிராம் என்று சொல்வதில்லை, 'பிம்' என்பார்கள், அந்த மணிச் சத்தத்தில் வந்த பெயர். வந்த புதிதில் ஒரு நாள் பிம் வந்து நின்றது, கதவு தானாகத் திறக்கும் என்று நான் பாட்டுக்கு நின்றேன், அது என்னை விட்டுவிட்டுப் போயே போய்விட்டது. கதவில் ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்க வேண்டும்.

டிக்கெட்தான் முக்கியம், கவனமாகக் கேளுங்கள். மெட்ரோ நிலையத்தில்கூடத் தடுப்புக் கதவு கிடையாது, நேரே உள்ளே போய்விடலாம், அதனால் நம்மூர்க்காரர்கள் பலர் ஏமாறுகிறோம். டிக்கெட்டை மெஷினிலோ ஆப்பிலோ 'டிராஃபிக்' என்று போர்டு போட்ட சிகரெட் கடையிலோ முன்பே வாங்க வேண்டும், ஓட்டுநரிடம் கேட்காதீர்கள். காகித டிக்கெட்டில் நேரம் அச்சாகி வராவிட்டால் அங்கே இருக்கிற சின்னப் பெட்டிக்குள் விட்டு முத்திரை குத்த வேண்டும். நான் டிக்கெட்டைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, குத்தாமலே போய் மாட்டினேன். பக்கத்தில் சாதாரண உடையில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று அடையாள அட்டையைக் காட்டினார். என் தப்புதான், ஆனாலும் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியும் அபராதம் கட்டியது இன்னும் வயிற்றெரிச்சல். இப்போது அபராதம் நூறு யூரோவுக்கு மேல்.

இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் வருடச் சீட்டு எடுத்துவிடுங்கள். 2012இல் 449 யூரோவிலிருந்து 365 ஆகக் குறைத்தார்கள், நாளுக்கு ஒரு யூரோ என்று ஊரே பெருமைப்பட்டது. 2026இல் 467 ஆக்கிவிட்டார்கள், எல்லோருக்கும் புலம்பல், ஆனால் கணக்குப் பார்த்தால் இப்போதும் ஒரு நாளைக்கு ஒன்றேகால் யூரோ சொச்சம்தான். மெட்ரோ, டிராம், பஸ், ஊருக்குள் ஓடும் எஸ்-பான் என்கிற நகர ரயில் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். குழந்தைக்கு ஆறு வயது வரை டிக்கெட்டே வேண்டாம்.

குழந்தையின் தள்ளுவண்டி பற்றிப் பயப்பட வேண்டாம். நான் வந்த காலத்தில் படியேறுகிற பழைய டிராம் வண்டிகள் நிறைய ஓடின, யாராவது ஒரு பக்கம் தூக்கிவிட வேண்டும். இப்போதைய வண்டிகளில் தளம் நடைபாதை உயரத்துக்கே இருக்கும், அப்படியே உருட்டிக்கொண்டு ஏறலாம். மெட்ரோவில் குழந்தைக்கு இட்லி ஊட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், 2019இலிருந்து அங்கே சாப்பிடத் தடை.

அப்புறம் வீடு. வாடகை கொஞ்சம் குறைகிறதே என்று பஸ் மட்டும் போகிற மூலைக்குப் போகாதீர்கள், பனிக்காலத்தில் குழந்தையோடு பஸ்ஸுக்கு நின்று பார்த்தால் தெரியும். ஊர் பழக வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்திய ரயில் நிலையத்தில் 'டி' (D) என்கிற டிராமில் ஏறி நுஸ்டோர்ஃப் வரை உட்கார்ந்து போங்கள். பெல்வெடேர் அரண்மனை, ஓபரா, பாராளுமன்றம், பல்கலைக்கழகம் என்று எல்லாம் ஜன்னலிலேயே வந்துவிடும், கடைசியில் திராட்சைத் தோட்டங்கள் பக்கத்தில் இறங்கலாம். திரும்பும்போது பாலுக்கு அலையாதீர்கள், ஞாயிறன்று கடையெல்லாம் மூடியிருக்கும், மத்திய ரயில் நிலையம் போன்ற சில இடங்களில் இருக்கிற சூப்பர் மார்க்கெட் மட்டும் திறந்திருக்கும்.

ஒன்று சொல்ல மறந்தேன். ஆபீஸில் யாராவது "அவர் 71 பிடித்துவிட்டார்" என்றால், நான் கேட்டது போல "எப்போது திரும்பி வருவார்?" என்று கேட்டு வைக்காதீர்கள். 71ஆம் நம்பர் பிம் மத்தியக் கல்லறைக்குப் போகிற வண்டி.