ஐந்தாண்டுக்குள் 730 நாள்

கேள்வி: 2023 ஜூன் 10 அன்று டொராண்டோவில் இறங்கி, கனடாவின் பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) பெற்றேன். ஆத்தாவுக்குப் பக்கவாதம் வந்ததால் 2024 அக்டோபர் 31 அன்று கைக்குழந்தையுடன் புறப்பட்டு வந்து, அவரைக் கவனித்து வருகிறேன். கணவர் அங்கே வேலையில் இருக்கிறார், அவரும் பி.ஆர்.தான். மகன் அங்கே பிறந்த கனடாக் குடிமகன். அவனோடு இங்கிருக்கும் நாள்கள் என் கணக்கில் சேருமா? பி.ஆர். கார்டு காலாவதியாகும்வரை கவலையில்லை என்று உறவினர்கள் சொல்வது சரியா?

— வாசகி, காரைக்குடி

பதில்: உறவினர்கள் சொல்வதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். கார்டு வேறு, உரிமை வேறு. கார்டு காலாவதியாவதால் மட்டும் பி.ஆர். போய்விடாது, அதேபோல், கார்டில் நாள் மிச்சமிருப்பதால் மட்டும் அது நிலைத்துவிடாது. ஐந்தாண்டுக்குள் 730 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும் என்பதே சட்டம். முதல் ஐந்தாண்டு, தாங்கள் இறங்கிய நாளிலிருந்து ஓடுகிறது. கார்டோ சில வாரங்கள் கழித்து அச்சாகி வருவதால், அதிலுள்ள தேதி தள்ளியே இருக்கும். பலர் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான்.

தங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளின் சிறு பகுதி அங்கிருந்தாலும் அது முழு நாளாகும் என்பதால், இறங்கிய நாளையும் விமானம் ஏறிய நாளையும் சேர்த்து 510 நாள் வருகிறது, குறைவது 220. முதல் ஐந்தாண்டு 2028 ஜூன் 9 அன்று நிறைவதால், 2027 நவம்பர் 3க்குள் அங்கே போய், இடையில் வெளியேறாமல் இருந்தால்தான் கணக்கு நேராகும். அதற்குப் பிறகு, அதிகாரி என்றைக்குச் சோதிக்கிறாரோ அன்றிலிருந்து பின்னோக்கி ஐந்தாண்டுதான் பார்ப்பார். 2023ஆம் ஆண்டின் நாள்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே போகும்.

மகனோடு இருக்கும் நாள்கள் சேரா. குடிமகனான கணவனுடனோ மனைவியுடனோ வெளிநாட்டில் சேர்ந்து வாழும் நாள்களுக்கு அந்தச் சலுகை உண்டு. குடிமகனான பிள்ளையோடு இருக்கும் பெற்றோருக்கு இல்லை. தங்கள் கணவர் குடியுரிமை பெற்று, பின்னர் காரைக்குடிக்கு வந்து தங்களோடு குடியிருந்தால், அந்த நாள்கள் சேரும். அவர் டொராண்டோவிலும் தாங்கள் இங்குமாக இருந்தால் சேரா.

மூன்றாண்டுக் கணக்குக்குப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்வந்த மேலாட்களின் (செட்டியார் வட்டிக்கடை ஏஜெண்டுகளின்) ஊர் நம்முடையது. நாளை எழுதி வைப்பது நமக்குப் புதிதன்று. ஒரு நோட்டில் போன தேதி, வந்த தேதியை எழுதி, போர்டிங் பாஸ்களையும் பழைய பாஸ்போர்ட்டையும் அதனுடன் வையுங்கள். போர்டிங் பாஸின் எழுத்து நாளடைவில் மங்கிவிடக்கூடும் என்பதால், இன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

தாயாரை விட்டுப் போக மனம் வராது என்பதை உணர்கிறேன். நாள் குறைந்தாலும், மனிதாபிமானக் காரணங்களையும் குழந்தையின் நலனையும் அதிகாரி கருத்தில் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அது அவருடைய முடிவு, தங்கள் உரிமையன்று. ஆகவே மருத்துவமனைச் சீட்டுகளையும், கவனிக்க வேறு ஆள் இல்லை என்பதற்கான சான்றுகளையும் தேதிவாரியாகச் சேர்த்து வாருங்கள். கார்டு காலாவதியான பின் இங்கிருந்து திரும்பப் பயண ஆவணம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அது மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்கு 60 நாள் அவகாசம் உண்டு, அப்போது இந்தத் தாள்களே தங்களுக்காகப் பேசும்.