டெக்சாஸில் தீபாவளிக்குக் காசு வைத்துச் சீட்டாடினால் குற்றமா?

நீங்கள் கேட்டது இதுதான்: டெக்சாஸில் சூதாட்டத்துக்குத் தடை என்கிறார்கள், ஆனால் பெட்ரோல் பங்க்கிலேயே லாட்டரி விற்கிறது, ஊருக்கு ஊர் போக்கர் கிளப் இருக்கிறது, அப்படியென்றால் தீபாவளி ராத்திரி அபார்ட்மென்ட்டில் பத்துப் பேர் உட்கார்ந்து காசு வைத்து ரம்மி ஆடினால் போலீஸ் பிடிக்குமா?

பிடிக்காது என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த ‘அபார்ட்மென்ட்’ என்ற வார்த்தையில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன். நான் வக்கீல் இல்லை. டாலஸ் பக்கம் பதினோரு வருஷமாக இருக்கிறேன், ஒரு தீபாவளிச் சண்டைக்குப் பிறகு உட்கார்ந்து அந்தச் சட்டத்தைப் படித்தவன், அவ்வளவுதான்.

டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 47ஆம் அத்தியாயம்தான் சூதாட்டத்துக்கு உள்ளது. சீட்டு, பகடை, பந்து எதை வைத்து ஆடினாலும் சரி, பணம் கட்டி ஆடினால் குற்றம் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆடியவருக்கு 500 டாலர் வரை அபராதம், ஜெயில் கிடையாது, கிட்டத்தட்ட டிராபிக் டிக்கெட் ரகம். ‘ரம்மி திறமை விளையாட்டு ஆச்சே, இந்தியாவில் சுப்ரீம் கோர்ட்டே அறுபதுகளில் சொல்லியாச்சே’ என்று நம் ஆட்கள் உடனே ஆரம்பிப்பார்கள். அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது. சீட்டுக்கட்டைக் கையில் எடுத்துப் பணம் வைத்தால் திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சுக்கே இந்தச் சட்டத்தில் இடமில்லை.

அதே பிரிவில் தப்பிக்கவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், மூன்று நிபந்தனைகளோடு. ஆடும் இடம் பொதுமக்கள் வந்துபோகாத தனி இடமாக இருக்க வேண்டும். ஆட்டத்தில் ஜெயித்த காசைத் தவிர வேறு எந்த வகையிலும் யாரும் லாபம் பார்க்கக் கூடாது. திறமையும் அதிர்ஷ்டமும் போக, ஜெயிக்கவும் தோற்கவும் எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்திருந்தால் கோர்ட்டில் அதைச் சொல்லித் தப்பிக்கலாம்.

எங்கள் சண்டை அந்த இரண்டாவது நிபந்தனையில்தான் வந்தது. ஒரு வருஷம் நண்பர் ஒருவர் வீட்டில் ஆட்டம், பதினாலு பேர், பிரியாணி வெளியே சொல்லி வாங்கியிருந்தார். மேசை நடுவில் ஒரு பிஸ்கட் டப்பா. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்தவர் இரண்டு டாலரை அதில் போட வேண்டும், ‘பிரியாணிக்கு’ என்றார். ராத்திரி ஒரு மணிக்கு எண்ணிப் பார்த்தால் பிரியாணிக் காசைப் போல இரண்டு மடங்கு இருக்கிறது. மிச்சத்தை என்ன செய்யலாம் என்று ஒருவர் கேட்க, கரண்ட் பில், கார்பெட் கிளீனிங் என்று அவர் ஆரம்பிக்க, அப்புறம் நடந்ததை இங்கே எழுத முடியாது. அவர் கெட்டவர் இல்லை, இப்போதும் நண்பர்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்த டப்பாதான் எல்லாம். அது இல்லாதவரை நாங்கள் சீட்டாடுகிற நண்பர்கள். அது வந்த பிறகு, எங்களைக் காக்கும் அந்த விலக்கு எங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், அவரையோ சூதாட்ட இடம் நடத்துபவர் என்று சொல்ல வழி இருக்கிறது. அந்தக் குற்றத்துக்கு ஒரு வருஷம் வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். ஆக, ஆடுகிறவரை விட, ஆட்டத்திலிருந்து கமிஷன் எடுக்கிறவர் மேல்தான் டெக்சாஸுக்குக் கோபம்.

இது புரிந்தால் போக்கர் கிளப் விஷயமும் புரிந்துவிடும். அவர்கள் மேசையில் இருக்கும் பணத்தில் ஒரு சென்ட்கூட எடுப்பதில்லை. உறுப்பினர் கட்டணம், உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு மணிக் கணக்கில் வாடகை, இதை மட்டும் வாங்கிக்கொண்டு ‘நாங்கள் நாற்காலிதான் வாடகைக்கு விடுகிறோம்’ என்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான வாதம்தான், ஆனால் கெட்டியான வாதமா என்பது வேறு. டாலஸ் நகராட்சி ஒரு கிளப்புக்கு முதலில் அனுமதி கொடுத்துவிட்டு, பிறகு அதைத் திரும்பப் பெறப் பார்த்து, விஷயம் கோர்ட்டுக்குப் போனது.

லாட்டரி? அதில் கமிஷன் எடுப்பதே மாநில அரசு! லாட்டரியைத் தடை செய்யச் சொல்லி டெக்சாஸ் அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அதற்கு ஒவ்வொரு விலக்காக மக்கள் வாக்கெடுப்பு வைத்துச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். 1980இல் தர்ம காரியங்களுக்கான பிங்கோ (நம் தம்போலா மாதிரி), 1991இல் அரசு லாட்டரி. நடுவில் 1987இல் குதிரை, நாய்ப் பந்தயத்தில் பணம் கட்டவும் வாக்கெடுப்பில் சம்மதம் கிடைத்தது. 1992 மே மாதம் கவர்னர் ஆன் ரிச்சர்ட்ஸ் முதல் லாட்டரி டிக்கெட்டை வாங்கித் தொடங்கி வைத்தார். 2023 ஏப்ரலில் ஒரு கூட்டம் 54 எண்ணில் ஆறு எண் வரக்கூடிய சுமார் 2 கோடியே 58 லட்சம் சேர்க்கைகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும், டிக்கெட் ஒரு டாலர் என்று வாங்கித் தள்ளி, 9.5 கோடி டாலர் ஜாக்பாட்டைத் தூக்கிக்கொண்டு போனது. கணக்குத் தெரிந்தவன் செய்கிற வேலை. அதன்பின் எழுந்த கூச்சலில் 2025இல் ‘லாட்டரி கமிஷன்’ என்ற அரசு அமைப்பையே கலைத்து, பொறுப்பை வேறொரு துறைக்கு மாற்றிவிட்டார்கள்.

காசினோ ஏன் வரவில்லை என்றால், அரசியல் சட்டத்தைத் திருத்த இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், அப்புறம் மக்கள் வாக்கெடுப்பு. சட்டசபை வழக்கமாகக் கூடுவதே இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, 140 நாள். 2023இல் ஆன்லைன் விளையாட்டுப் பந்தயத் திருத்தம் கீழ்ச்சபையில் 101 ஓட்டோடு தேறி, செனட்டில் அப்படியே செத்துப்போனது. காசினோ திருத்தத்துக்கு 92தான் கிடைத்தது, தேவை 100. அதனால் மொபைலில் கிரிக்கெட்டுக்கோ கால்பந்துக்கோ பந்தயம் கட்டும் ஆப்புகளுக்கு இங்கே இன்னும் அனுமதி இல்லை.

இதனால் லாபம் பக்கத்து மாநிலங்களுக்கு. வெள்ளி சாயங்காலம் ஐ-35 நெடுஞ்சாலையில் வடக்கே போகும் கார்களில் பாதி எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? ரெட் ரிவர் பாலம் தாண்டியதுமே, ஓக்லஹோமாவில், சிக்கசா பழங்குடியினரின் வின்ஸ்டார் காசினோ. உலகத்திலேயே பெரிய காசினோக்களில் ஒன்று, டெக்சாஸ் நம்பர் பிளேட்டை நம்பியே கட்டியது போல எல்லையில் உட்கார்ந்திருக்கிறது. ஹூஸ்டன்காரர்களுக்கு லூசியானாவில் லேக் சார்ல்ஸ். டெக்சாஸுக்குள்ளேயே ஈகிள் பாஸ், லிவிங்ஸ்டன், எல் பாசோ ஆகிய மூன்று இடங்களில் பழங்குடியினர் நடத்தும் சூதாட்டக் கூடங்கள் உண்டு. எல் பாசோவின் டிகுவா பழங்குடி மக்கள் இதற்காகப் பல வருஷம் மாநிலத்தோடு மல்லுக்கட்டி, 2022இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் 5-4 என்று ஜெயித்தார்கள்.

விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் இதை மட்டும் கவனியுங்கள். 500 டாலர் அபராதம்தானே என்று கட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். குடியுரிமைக்கு ‘நன்னடத்தை’ காட்ட வேண்டிய அந்த ஐந்து வருஷத்தில் (குடிமக்களை மணந்தவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று) இரண்டு சூதாட்டக் குற்றங்களில் தண்டனை இருந்தால், நன்னடத்தை இல்லை என்று குடியேற்றச் சட்டமே சொல்கிறது. விண்ணப்பத்தில் சட்டவிரோதச் சூதாட்டம் பற்றி நேராகவே ஒரு கேள்வி உண்டு. அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் முதலில் குடியேற்ற வக்கீலிடம் போங்கள்.

இப்போது அந்த வில்லங்கம். உங்கள் ஃபிளாட்டுக்குள் ஆடினால் அது தனி இடம். ஆனால் ஆள் அதிகம் என்று கீழே கிளப் ஹவுஸை புக் செய்தீர்களோ, போச்சு. தனி இடத்தில் சேராதவை என்று சட்டம் ஒரு பட்டியல் போட்டிருக்கிறது: தெரு, ஓட்டல், பள்ளிக்கூடம், கடை, அதோடு அபார்ட்மென்ட்களின் பொது இடங்களும். கிளப் ஹவுஸை அதில் சேர்க்க மாட்டார்கள் என்று நம்பி நான் காசு வைக்க மாட்டேன். கூட்டம் பெரிதாக இருந்தால் அங்கே தம்போலா வையுங்கள். டிக்கெட்டுக்குக் காசு வாங்காதீர்கள், வாங்கினால் அது பிங்கோ கணக்கில் போய் லைசென்ஸ் கேட்பார்கள். பரிசுக்கு நாலு பேர் சேர்ந்து ஒரு குக்கர் வாங்கிக் கொடுத்துவிடலாம். சீட்டுக்கட்டு மேலே ஃபிளாட்டிலேயே இருக்கட்டும், பிரியாணிக் காசை ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கடைக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.