ரிவெர்ப்: பெட்டியா, பிளகினா?

அன்புள்ள அண்ணா,

வீட்டில் ஓர் அறையை ஒதுக்கிப் பக்திப் பாடல்களும் கச்சேரிப் பதிவுகளும் மிக்ஸ் செய்துவருகிறேன். ரிவெர்ப் (அரங்கில் ஒலி தங்கி எதிரொலிப்பது போன்ற விளைவு) போட்டால் குரல் எங்கோ தள்ளிப்போய் நிற்கிறது, மிருதங்கம் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. தெரிந்தவர் ஒருவர் பழைய லெக்சிகன் 480எல் ரிவெர்ப் பெட்டி ஒன்றை 6,000 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார். அந்த ஆழம் கணினியில் ஓடும் பிளகின் மென்பொருளில் வரவே வராது என்கிறார்கள். சேமிப்பை எடுத்து வாங்கிவிடலாமா?

க., ஈசூன்

அன்புள்ள தம்பிக்கு,

வாங்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு குறைகளுமே பெட்டி மாறினால் தீராதவை.

ஹார்டுவேர் ரிவெர்பில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் நிஜமாகவே உலோகம் அதிரும். 1957இல் ஜெர்மனியின் இஎம்டி கொண்டுவந்த 140 பிளேட்டில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள எஃகுத் தகடு சட்டத்தில் தொங்கும். மொத்த எடை கால் டன்னுக்கு மேல். தகட்டில் உயர் அதிர்வெண்கள் தாழ்ந்தவற்றைவிட வேகமாக ஓடும், குரலுக்கு அந்தப் பளிச்சென்ற தொடக்கம் அதனால்தான். இன்னொரு வகை டிஜிட்டல்: 1976இல் இஎம்டி 250, 1978இல் லெக்சிகன் 224, 1986இல் உங்களுக்கு வரும் 480எல். இவற்றுக்குள் ஓடுவது கணக்கு மட்டுமே. அதே கணக்கு இன்று உங்கள் கணினியிலும் ஓடும்.

பிறகு ஏன் அந்தப் பேச்சு? அதற்கும் காரணம் இருக்கிறது. 2000களில் கன்வொல்யூஷன் பிளகின்கள் வந்தபோது, பழைய பெட்டிக்குள் ஒரு சோதனை ஒலியை அனுப்பி, வெளியே வருவதைப் பதிந்து, 'இதோ லெக்சிகன்' என்று கொடுத்தார்கள். ஆனால் லெக்சிகனின் உள்ளே டிலே (தாமத) நேரங்கள் மெதுவாக அசைந்துகொண்டே இருக்கும். ஒலியின் வால் உலோகம்போல் கணகணக்காமல் அடர்த்தியாகக் கரைவதற்கு அந்த அசைவுதான் காரணம். கன்வொல்யூஷனில் கிடைத்தது ஓடும் ஆற்றின் புகைப்படம். அதைக் கேட்டவர்கள் 'உயிரில்லை' என்று சொன்னது சரிதான். இப்போதுள்ள அல்காரிதம் பிளகின்கள் அந்த அசைவையும் சேர்த்தே கணக்கிடுகின்றன. ரீலேப் நிறுவனத்தின் எல்எக்ஸ்480 நீங்கள் கேட்கும் பெட்டியையே மாதிரியாக வைத்துச் செய்யப்பட்டது. வல்ஹல்லாவின் வின்டேஜ்வெர்ப் 50 அமெரிக்க டாலர்தான்.

நம் இசைக்கு அந்த அசைவே தொல்லையாகவும் ஆகலாம், கவனியுங்கள். டிலே நேரம் அசைந்தால் சுருதியும் இம்மியளவு அசையும். கிட்டார், டிரம்ஸ் நிறைந்த பாட்டில் அது தெரியாது. தம்புராவின் மேல் நீண்டு நிற்கும் ஒரு பஞ்சமத்தில் தெரியும். கச்சேரிப் பதிவுக்கு, அந்த அசைவின் அளவை வைக்கும் மாடுலேஷன் குமிழைக் கிட்டத்தட்ட அடிவரை இறக்கிவிடுங்கள். டீகேயும் (ரிவெர்ப் தேய்ந்து மறையும் நேரம்) குறையட்டும், நீண்ட வால் ஒரு ஸ்வரத்தை அடுத்த ஸ்வரத்தின் மேல் இழுத்துப் பூசினால் கமகத்தின் வளைவே காணாமல் போகும். சிங்கப்பூர் எஸ்பிளனேட் கச்சேரி அரங்கில் சுற்றியிருக்கும் எதிரொலி அறைகளின் கான்கிரீட் கதவுகளைத் திறந்து மூடியே நிகழ்ச்சிக்கு ஏற்றபடி ஒலி தங்கும் நேரத்தை மாற்றுகிறார்கள். அவ்வளவு பெரிய அரங்குக்கே இசையைப் பார்த்துத்தான் அளவு வைக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் குரல் பின்னால் போவது பெரும்பாலும் பிரீ-டிலே (குரலுக்கும் ரிவெர்ப் எழுவதற்கும் இடையிலான தாமதம்) பூஜ்யத்தில் இருப்பதால்தான். நிமிடத்துக்கு 90 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டு 667 மில்லி விநாடி. அதில் எட்டில் ஒரு பங்கு, 83, வைத்துப் பாருங்கள். வல்லின எழுத்துகள் தெளிவாக வந்து விழுந்த பிறகே ரிவெர்ப் எழும். அடுத்து, ரிவெர்புக்கு ஒலியை அனுப்பும் பாதையான செண்டில் ஒரு ஈக்யூ (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போடுங்கள். லண்டன் அபே ரோடு கூடத்தில் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டியே ரிவெர்புக்கு அனுப்புவார்கள். மிருதங்கத்தின் கொழகொழப்பு தொப்பிப் பக்கத்தின் கீழ் ஒலி ரிவெர்புக்குள் போய்த் தங்குவதால் வருவது, இந்த ஒரே வெட்டில் பாதி போய்விடும். மீதிக்கு, மிருதங்கத்தைக் குரலோடு ஒரே ரிவெர்ப் பஸ்ஸில் (பல ஒலிகள் சேர்ந்து போகும் பாதையில்) அனுப்பாமல் ஒரு விநாடிக்கும் குறைந்த சிறிய அறை ரிவெர்ப் ஒன்றைத் தனியாகக் கொடுங்கள்.

480எல் மேல் எனக்கும் மதிப்பு உண்டு. அதன் கைப்பெட்டியில் உள்ள ஆறு ஃபேடர்களில் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யலாம். திரையையே வெறித்துக்கொண்டு மிக்ஸ் செய்பவர்களுக்குக் கிடைக்காத சுகம் அது. ஆனால் ஒவ்வொரு பாட்டையும் முழு நீளம் ஓடவிட்டுப் பதிய வேண்டும். வாடிக்கையாளர் 'கொஞ்சம் மாற்றுங்கள்' என்றால் மறுபடி எல்லாம் முதலிலிருந்து. வயதான மின்சுற்றுகளைப் பழுதுபார்க்கும் ஆளையும் தேட வேண்டும்.

அப்படியும் மனம் கேட்காவிட்டால், ஈக்யூ போட்ட உங்கள் குரல் டிராக்கை விற்பவரிடம் கொடுத்து, 480எல் வழியாக ஓட்டி, ரிவெர்பை மட்டும் தனியாகப் பதிந்து தரச் சொல்லுங்கள். அதே டீகே, அதே பிரீ-டிலேயில் உங்கள் பிளகினையும் பதியுங்கள். இரண்டின் சத்தமும் சமமாக இருக்க வேண்டும், அரை டெசிபல் கூடினாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். வீட்டில் வேறு யாரையாவது மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, எது எது என்று தெரியாமல் கேளுங்கள். பெட்டியைத் தொடர்ந்து சரியாகக் கண்டுபிடிக்க முடிந்தால், அது எந்த மின்னழுத்தத்துக்கு அமைக்கப்பட்டது, மின்வழங்கிப் பகுதியின் கபாசிட்டர்களை மாற்றியிருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுப் பிறகு விலை பேசுங்கள்.