மார்த்தாண்டத்திலிருந்து ராஜஸ்தான் பாலைவனம் வரை நாயைக் காரில் கூட்டிப்போகலாமா?

கேள்வி: நாங்கள் மார்த்தாண்டத்தில் இருக்கிறோம். பிள்ளைகளின் மே மாத விடுமுறையில் எங்கள் லாப்ரடாரையும் ஏற்றிக்கொண்டு காரிலேயே ராஜஸ்தான் பாலைவனம் வரை போய்வர ஆசை. யாராவது இப்படிப் போயிருக்கிறீர்களா?

போயிருக்கிறேன். இரணியலிலிருந்து ஜெய்சல்மேர் வரை, எங்கள் நாய் குட்டனோடு. ஆனால் மே மாதம் என்று படித்ததும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். தயவு செய்து மே மாதத்தில் போகாதீர்கள். தார் பாலைவனத்தில் அப்போது 45 டிகிரி என்பது சாதாரணம். ஜெய்சல்மேர் பக்கத்துப் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. நம் ஊரில் கடல் காற்றும் இரண்டு பருவமழையும் பார்த்து வளர்ந்த நாயை அந்த அனலில் இறக்குவது கொடுமை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பதுதான் அது உடம்பைக் குளிர்விக்கும் வழி. அதன் இயல்பான உடல் வெப்பம் 38, 39 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் எவ்வளவு இளைத்தும் பெரிய பலன் இல்லை. உடம்பு 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. லாப்ரடாருக்கு ரோமம் இரண்டு அடுக்கு வேறு. டிசம்பர் முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரைதான் நாயோடு அங்கே போகத் தகுந்த காலம். பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கும் என்றால் அரையாண்டு விடுமுறையோடு சில நாட்களைச் சேர்த்துப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

குட்டன் நாட்டு நாய். திங்கள்சந்தை பேருந்து நிலையத்தில் மழையில் நனைந்து கிடந்தவன். இப்போது 14 கிலோ. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே அவனைப் பழக்க ஆரம்பித்தேன். முதலில் தோவாளை வரை, பிறகு ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி, பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடி மாவட்டத்துக் குதிரைமொழித் தேரிக்காட்டோரம் வரை. அந்தச் செம்மணலில் நடக்கவைத்துப் பார்த்தது பெரிய உதவியாக இருந்தது. முதல் இரண்டு முறை காரில் வாந்தி எடுத்தான். சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் நடுவே மூன்று மணி நேரம் இடைவெளி விட்ட பிறகு அது நின்றது. வெறிநாய்த் தடுப்பூசி, உண்ணிக்கு மருந்து, மருத்துவர் கையெழுத்திட்ட உடல்நலச் சான்று, தடுப்பூசிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டேன். தங்கும் விடுதிகளில் இரண்டு இடத்தில் அந்தப் புத்தகத்தைக் கேட்டார்கள்.

ஒரு வழிக்கு ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். மதுரை, சேலம், பெங்களூரு, ஹூப்ளி, புனே, அகமதாபாத், பிறகு பார்மேர் வழியாக ஜெய்சல்மேர். என் மைத்துனனும் நானும் மாறி மாறி ஓட்டினோம். நாங்கள் இருவர் மட்டும் என்றால் நான்கு நாளில் போயிருப்போம்; குட்டனுக்காக எட்டு நாள் எடுத்துக்கொண்டோம். விடியும் முன்பே கிளம்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பகல் ஒரு மணிக்குள் அறைக்குப் போய்விடுவோம். சாலையோர உணவகங்களின் வாசலில் அவனை இறக்கவே மாட்டேன். அங்கே ஏற்கெனவே ஒரு நாய்க்கூட்டம் இருக்கும், அது தன் இடம் என்று பாய்ந்துவரும். பெட்ரோல் நிலையங்களின் பின்பக்கம் நல்லது.

சாப்பாடுதான் நான் எதிர்பார்க்காத சிக்கல். கிளம்பும்போதே அம்மா சொன்னார், "மக்களே, அவனுக்குச் சாளை இல்லாமல் சோறு இறங்காதே, என்ன செய்வாய்?" நான் கவனிக்கவில்லை. குஜராத்துக்குள் நுழைந்ததும் நெடுஞ்சாலை நெடுகச் சைவ உணவகங்கள். ஒன்றரை நாள் குட்டன் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அங்கே பருப்பிலும் கறியிலும் வெங்காயமும் பூண்டும் நிறைய. இரண்டுமே நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும், ஆகவே மிச்சம் மீதியைக் கொடுக்கவும் பயம். மைத்துனன் எங்கோ அலைந்து பத்து முட்டை வாங்கிவந்தான். அன்று முதல் அவித்த முட்டையும் தயிர்ச்சோறும். ராஜஸ்தானில் கம்பு ரொட்டியை மோரில் ஊறவைத்துக் கொடுத்தபோது அதையும் தின்றான். நீங்கள் போனால் உப்பில்லாமல் வறுத்த நெத்திலிப் பொடி ஒரு டப்பா கொண்டுபோங்கள். எந்தச் சோற்றிலும் தூவினால் நம் ஊர் நாய் சாப்பிட்டுவிடும். தண்ணீர் மாறினால் வயிறு கெடும் என்பதால் முதல் சில நாட்கள் வீட்டுத் தண்ணீரைக் கலந்தே கொடுத்தோம். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50, 60 மில்லி என்று கணக்கு. பாலைவனத்தில் அதைவிடக் கூடுதலாகவே வைத்திருங்கள்.

முப்பந்தலில் காற்றாலைகளைத் தாண்டிப் போனவர்களுக்குச் சித்ரதுர்காவிலும், கடைசியில் ஜெய்சல்மேரை நெருங்கும்போதும் மறுபடி காற்றாலைகள் வரும். அவற்றின் நடுவே கேஜ்ரி மரங்கள் நின்றன. நம் கோயில்களில் நிற்கும் வன்னிதான் அது. ராஜஸ்தானில் அதுதான் மாநில மரம். பகலில் குட்டனுக்கு அதன் நிழல்தான் கிடைத்தது.

ஜெய்சல்மேரை அடுத்த சம் என்ற ஊரின் மணல்மேடுகளில் இறங்கிய அன்று மாலை குட்டன் நொண்டினான். மணல் சுடுகிறது போலும் என்று நினைத்தேன். ஆனால் நான் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பார்த்த பிறகுதான் அவனை இறக்கியிருந்தேன், சூடே இல்லை. ஒட்டகம் வைத்திருந்த ஒரு பெரியவர் அருகே வந்து, குட்டனின் காலைத் தூக்கி விரல்களுக்கு நடுவே காட்டினார். அந்தப் பக்கத்துப் புல்லின் விதை முட்கள் ஏழெட்டு ஒட்டியிருந்தன. அவரே ஒரு சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அங்கே பலரும் அப்படி ஓர் இடுக்கி வைத்திருக்கிறார்கள். இரவில் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே போனது. குட்டன் நடுங்கியதைப் பார்க்கப் பொறுக்காமல் என் கம்பளிச் சட்டையை அவனுக்கு மாட்டிவிட்டேன்.

ஒன்றைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: அங்கே நாயை அவிழ்த்து விடாதீர்கள். பரந்த மணலைப் பார்த்ததும் ஓடட்டுமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த மணலைச் சுற்றியுள்ள புல்வெளிகள்தான் கானமயிலின் கடைசிப் புகலிடம். உலகத்தில் இருநூறுகூட மிச்சமில்லாத பறவை அது. தரையில் முட்டையிடும், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. நாய்கள் அதைத் தின்றுவிடும். குட்டனைப் பதினைந்தடிக் கயிற்றிலேயே நடக்கவிட்டேன், அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

திரும்பும் வழியில்தான் நான் பயந்தேன். வட குஜராத்தில் நண்பகலில் டயர் பஞ்சர். வெயில் 30 டிகிரியைத் தாண்டியிருக்காது. இயந்திரத்தை அணைத்துவிட்டு இருவரும் சக்கரத்தோடு போராடிக்கொண்டிருந்தோம், குட்டனைக் காருக்குள்ளேயே விட்டிருந்தோம். இருபது நிமிடம் இருக்கும். கதவைத் திறந்தபோது ஈறு கருஞ்சிவப்பாகி, எச்சில் கயிறுபோல் வழிய, எழ முடியாமல் கிடந்தான். கண்ணாடி ஏற்றிய கார் அவ்வளவு வேகமாகச் சூடேறும். நிழலில் கிடத்தி வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதங்களிலும் தண்ணீர் ஊற்றி, அட்டையால் விசிறினோம்.  பிறகு காரின் குளிர்காற்றில் பக்கத்து ஊர் மருத்துவரிடம் கொண்டுபோனோம். மாலையில் எழுந்து தண்ணீர் குடித்தான். அதன் பிறகு ஊர் வந்து சேரும் வரை ஒரு நிமிடம்கூட அவனைத் தனியாகக் காரில் விடவில்லை.

உங்கள் லாப்ரடாரின் வயதையும் எடையையும் நீங்கள் எழுதவில்லை. எட்டு வயதைத் தாண்டியிருந்தால், அல்லது பருத்திருந்தால், குளிர்காலத்தில்கூட இந்தத் தூரம் வேண்டாம். இளமையானது என்றால் மழைக்காலத்திலேயே எடையைப் பார்த்து, மருத்துவரிடம் ஒருமுறை இதயத்தைச் சோதித்துவிட்டு, கார்த்திகை வாக்கில் தேரிக்காட்டுக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள். அங்கே அது எப்படி நடக்கிறது என்று எழுதுங்கள், வழியில் நாங்கள் தங்கிய ஊர்களின் விவரத்தை நான் தருகிறேன்.